பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு நிஜார்

வயது ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போகிற பிள்ளைக்கு இந்த உலகத்தில் துணி கிடையாது. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, உடுத்தித் தெரிந்துகொண்டேன். பதினோரு வயதில் நான் என் நைனாவின் உயரம் இருந்தேன். (அகலத்தில் அவரைத் தாண்டி வெகு நாளாகியிருந்தது.) மீசை மட்டும்தான் பாக்கி. அதுவும் வரலாமா வேண்டாமா என்று உதட்டுக்கு மேல் யோசித்துக்கொண்டிருந்தது.

அழுக்குத் தாங்கும் என்று அம்மா காக்கி நிஜார் வாங்கிக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் போலீஸ்காரர்களுக்கும் அரைக்கால் நிஜார்தான். மதுவிலக்கு நேரம் வேறு. ஒருநாள் சாயங்காலம் செங்கல்பட்டு ஏரிக்கரை மேல் நான் நடந்து வந்தபோது, எதிரே பானையோடு வந்த ஒரு மனிதர் என்னைப் பார்த்ததும் பானையோடு ஏரிக்குள் இறங்கிவிட்டார். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "குளிக்கிறேங்க" என்றார். நானும் மரியாதைக்கு, "சரிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சரி, நிஜார் வேண்டாம் என்று வேட்டி கட்டினால் அது வேறு வம்பு. கடைத்தெருவில் ஒரு வழிப்போக்கர் பீடியை நீட்டி, "நெருப்பு கீதா அண்ணாத்த?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய கமர்கட்டு.

இத்தனைக்கும் நடுவில் என்னைப் பதினோரு வயதுப் பிள்ளையாகப் பார்த்தது என் அக்கா ஒருத்திதான். நான் வளர வளர, அவள் தன் பழைய பாவாடைகளைக் கிழித்து என் நிஜாருக்குக் கீழே ஒட்டுத் துணி தைத்துப் போடுவாள். பள்ளிக்கூடத்தில் என் தொடையைச் சுற்றிப் பூவும் கொடியுமாக இருக்கும். பையன்கள் சிரிப்பார்கள். எனக்கு அழுகை வரும். ஆனாலும் அவள் தைத்ததை நான் பிரித்ததில்லை.

அந்த அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு மகாபலிபுரம் பக்கம், சவுக்கு வியாபாரம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குத் தோழனாக உட்காருவது பெண்ணின் தம்பி. மாப்பிள்ளை மாதிரியே மாலை போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே மணையில் இருக்க வேண்டும். எனக்கு மாலையில் எல்லாம் ஆசையில்லை. அக்கா எங்களை விட்டுப் போகப்போகிறாள், போகிற நிமிஷம்வரை அவள் பக்கத்தில் உட்கார ஒரு வழி கிடைத்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "இவரு யாரு, பொண்ணுக்குச் சித்தப்பாவா?" என்று கேட்டார்.

"என் பையங்க. தோழன்" என்றார் நைனா, குரலை இறக்கி.

"தோழனா! எங்க புள்ள பக்கத்துல இது குந்துனா எது மாப்பிள்ளைன்னு ஊரு கேக்காது? வேற பொடியன் யாராச்சும் இருந்தா இட்டுகினு வாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. மாப்பிள்ளை ஒல்லி. நின்றால் என் தோள் அளவுதான் வருவார். சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்று நைனா தலையை ஆட்டத் தொடங்கினார். அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. புடவை எடுத்தபோதும் பேசாதவள், மாப்பிள்ளை எப்படி என்று கேட்டபோதும் பேசாதவள்.

"எந் தம்பி குந்தலன்னா நானும் குந்த மாட்டேன்."

கடைசியில் அத்தையே இறங்கி வந்தார். "சரி. அப்போ பையன பையன் மாதிரி உடுத்தி இட்டுகினு வாங்க. வேட்டி கூடாது. நிஜாரும் சொக்காயும்தான்."

பையனைப் பையன் மாதிரி உடுத்துவது! செங்கல்பட்டு பஜாரில் நானும் நைனாவும் ஏறி இறங்காத கடையில்லை. என் வயதுக்கு என்று எடுத்துப் போட்டதெல்லாம் என் கைக்கு உறை மாதிரி இருந்தது. என் உடம்புக்கு என்று எடுத்துப் போட்டதெல்லாம் கோர்ட்டுக் கச்சேரி குமாஸ்தாக்களின் முழுக்கால் சட்டை. கடைசியில் வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

அங்கேதான் அம்மா குறுக்கே வந்தாள். "புள்ளய நாடா வெச்சி அளக்க வுடாதீங்க. ஏற்கெனவே ஊரு கண்ணு பூரா அவன் மேலதான் கீது. கல்யாண நேரத்துல கண்ணு பட்டுடும்."

ஆகவே நைனா என்னை வீட்டில் விட்டுவிட்டுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கரீம் பாய் பஜாருக்குப் புதிதாக வந்த தையல்காரர். என்னைக் கண்ணால் பார்த்ததில்லை.

"பதினோரு வயசுப் பையனுக்கு நிஜாரு, பாய். கொஞ்சம் தாராளமா."

"கவலையே படாதீங்க. வளர்ற புள்ளைக்கு நான் துணி வுட்டுத்தான் தைப்பேன்."

பாய் நன்றாகத்தான் தைத்திருந்தார். தோளில் மாட்டிக்கொள்ள இரண்டு வார், முன்னால் பளபளவென்று பொத்தான். பதினோரு வயதுப் பையன் எவன் போட்டாலும் ராஜா மாதிரி இருந்திருப்பான். கல்யாணத்துக்காக மாப்பிள்ளை ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள்தான் அது கைக்கு வந்தது. என்னால் ஒரு காலை நுழைக்க முடிந்தது. அடுத்த கால் வெளியிலேயே நின்றது.

அம்மா அழுதாள். நைனா பாயைத் திட்டினார், பிறகு அம்மாவைத் திட்டினார், பிறகு நான் தின்பதைத் திட்டினார். அக்கா நிஜாரை வாங்கி இரண்டு பக்கமும் தையலைப் பிரித்தாள். தன் ஊதாப் பாவாடையிலிருந்து இரண்டு பட்டை கிழித்து நடுவில் கொடுத்துத் தைத்தாள். நலங்கு மஞ்சள் கையோடு தைத்ததில் வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சள் தீற்றல்.

போட்டுப் பார்த்தேன். ஏறிவிட்டது.

"குனியாத. மெதுவா குந்து. இருமாத" என்றாள் அக்கா.

"மூச்சு வுடலாமாக்கா?"

"வுடு. பூராத்தையும் வுடாத."

மறுநாள் பஸ்ஸில் எனக்கு நைனா அரை டிக்கெட் கேட்டார். கண்டக்டர் என் தலையைப் பார்த்தார், நிஜாரைப் பார்த்தார், ஊதாப் பட்டையைப் பார்த்தார். "குடும்பத்துல எதுனா வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அரை டிக்கெட்டே கிழித்துக் கொடுத்தார்.

கல்யாணப் பந்தலில் கடல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. வாசலில் நின்ற அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

"ஆங்! இப்பத்தான் புள்ள மாதிரி கீது" என்றார் அத்தை, முகம் மலர்ந்து.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அத்தை கால்ல வுழுந்து கும்புடுடா!"

"டேய், வாணாம்..." என்று பின்னாலிருந்து அக்கா பதறினாள். அதற்குள் நான் விழுந்துவிட்டேன்.

பெரிய சத்தமில்லை. ஆனால் பாருங்கள், சரியாக அந்த நேரம் பார்த்து நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தியிருந்தார். பின்பக்கம் டர்ரென்று ஆரம்பித்து வார் வரைக்கும் போனது. ஒரு பொத்தான் உருண்டு அத்தையின் காலடியிலேயே போய் நின்றது.

இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். அங்கே மாப்பிள்ளை தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நா இனிமே அக்கா பக்கத்துல குந்த முடியாதுங்க" என்றேன். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு பட்டு வேட்டியை எடுத்து வந்தார். "இத்த கட்டிக்கோ மச்சான். வேட்டிக்கு இன்னா வயசா, அளவா?"

"அத்தை வேட்டி கூடாதுன்னாங்க."

"கல்யாணம் எனக்கா, அத்தைக்கா? கண்ணத் தொடச்சிக்கோ."

தன் கையாலேயே அவர் எனக்கு வேட்டியைக் கட்டிவிட்டார், என் இடுப்பைச் சுற்றி எட்டி எட்டி. அத்தை எங்கள் இருவரையும் பார்த்து வாயைத் திறந்தார். முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டதால் மூடிக்கொண்டார். மணையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் எங்கள் உயர வித்தியாசம் தெரியவில்லை. தாலி கட்டியாயிற்று. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. நான் அவள் விரலில் ஒட்டியிருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வினை போட்டோக்காரர் உருவத்தில் வந்தது. அவர் செங்கல்பட்டு ஆள். தாலி கட்டும்போது பந்தியில் இருந்தார். ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து முக்காலியில் பெட்டியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அந்தப் பெட்டிக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியுமாம். இவருக்கு உறவுமுறையும் தலைகீழாகத் தெரிந்தது.

"ஒரே ஒரு பிளேட்டுதான் மிச்சம் கீது. யாரும் ஆடாதீங்க. மாப்ள, நீங்க நடுவால வாங்க" என்று என் கையைப் பிடித்து அக்கா பக்கத்தில் நிறுத்தினார். பிறகு நிஜ மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து நகர்த்தினார். "தோழன் தம்பி, நீ கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லு."

நைனா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அத்தை, "யோவ்!" என்று புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். நான் பந்தல் மணலைத் தோண்டி உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். (என் அளவுக்குத் தோண்ட நேரம் போதாது.) என்னால் அக்காவின் கல்யாணம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை கையை உயர்த்தினார். "இருக்கட்டும் அத்தை. எதுக்குப் பேஜாரு? ஒரு பிளேட்டுதானே கீது." சொன்னபடி நகர்ந்து, தோழன் நிற்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றார். அங்கிருந்து என்னைப் பார்த்து, "மாப்ள, மூச்ச பூரா வுட்டுடாதீங்க. வேட்டி நா கட்டுனது" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். மணப்பெண்கள் பல்லைக் காட்டாத காலம். அவளோ வாயைப் பொத்தாமல், தோள் குலுங்க, மாலை ஆடச் சிரித்தாள். "ஆடாதீங்கம்மா! ஆடாதீங்கம்மா!" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து போட்டோக்காரர் கத்தினார். கத்திக்கொண்டே எடுத்தும் விட்டார்.

எனக்கு அந்த வருஷத்தோடு வளர்ச்சி நின்றுவிட்டது. அத்தனை அவசரமாக வளர்ந்தது அக்கா கல்யாணத்தைக் கெடுப்பதற்குத்தான் போலிருக்கிறது. இன்றைக்கு எந்தக் கடையிலும் என் அளவுச் சட்டை கிடைக்கும். ஆனாலும் குடும்பத்தில் நான் பெரிய மாப்பிள்ளைதான், மாமா சின்ன மாப்பிள்ளைதான். விசேஷ வீடுகளில் பந்தி போட்டால், "மொத எல பெரிய மாப்பிள்ளைக்கு" என்று மாமாவே குரல் கொடுப்பார். என் பிள்ளைகளுக்குக் கல்யாணமான பிறகும் அவர் விடவில்லை.

ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். "வேற போட்டோ எடுத்திருக்கலாமேக்கா. இத்தப் போயி மாட்டி வெச்சிருக்கியே."

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அன்னிக்கிக் காலீல வரைக்கும் எனக்கு இந்த மனுசன் மூஞ்சியே சரியாத் தெரியாதுடா. பஸ்ல வரச்சொல்லோ பூரா பயம். உனக்கு வேட்டி குடுத்தாரு, எடத்தையும் குடுத்தாரு. அப்பத்தான் போச்சி பயம்."

இன்றும் அந்தப் போட்டோ அவர்கள் கூடத்தில் தொங்குகிறது. நடுவில் பெருமாள் கோயில் துவாரபாலகர் மாதிரி நான். ஓரத்தில் கைகட்டிக்கொண்டு மாமா. எங்கள் இருவர் முகமும் கல்லில் வெட்டினாற்போல் தெளிவாக இருக்கிறது. அக்காவின் முகம் மட்டும் கலங்கிப்போய், வெள்ளையாக ஒரு தீற்றலாக விழுந்திருக்கிறது. புதிதாக வருகிற யாராவது, "பொண்ணு மொகம் ஏங்க தெரியல?" என்று கேட்பார்கள்.

மாமா ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து போட்டோவுக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்:

"சிரிச்சிகினு இருந்தா."