கால்சியமும் கல்யாண மஞ்சளும்

தவறே செய்யாத விஞ்ஞானி கிடையாது. ஆனால் தன் தவறை ஒரு கல்யாண வீடு முழுக்க போன் போட்டு அறிவித்துவிட்டு, அதன் பிறகு அது தவறென்று கண்டுபிடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வில் நான்காம் வருடம். ஜெல்லி மீன் ஒன்றின் உடலில் பச்சையாக ஒளிரும் புரதம் உண்டு. அதில் கொஞ்சம் கைவேலை செய்து, கால்சியம் வந்து ஒட்டினால் மட்டும் பளிச்சென்று ஒளிரும்படி மாற்றியிருக்கிறார்கள். அதற்கான மரபணுவை உயிருள்ள செல்லுக்குள் அனுப்பினால், செல்லே அந்தப் புரதத்தைத் தயாரித்துக்கொள்ளும். பிறகு நீல ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே கால்சியம் ஏறி இறங்குவது விளக்கு எரிந்து அணைவதுபோலத் தெரியும். அந்த வெளிச்சத்தை இன்னும் கூட்டுவது என் வேலை. இரண்டு வருடம் பாடுபட்டு நான் சாதித்தது, எரிந்துகொண்டிருந்ததையும் அணைத்ததுதான்.

என் முன்னேற்றத்தைப் பார்வையிட வெளியூர் நிபுணர் வரும் நாளும் வந்தது. அன்றும் ஒளிராவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்கள். அதே நாள் காலையில்தான் ஆனையூர் வீட்டில் என் அண்ணனுக்கு நலங்கு. (முகூர்த்தம் குறிப்பவர்கள் என் ஆய்வகத்தைக் கலந்து குறிப்பதில்லை.) அண்ணன் முகத்தில் நான் பூசிய மஞ்சள் கொஞ்சம், என் கையில் ஏறியது முழங்கை வரை. அவசரமாக சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கும் ஆய்வகத்துக்கு ஸ்கூட்டியில் பறந்தேன்.

கையுறை போட வேண்டும் என்பது சட்டம். போட்டால் மெல்லிய கண்ணாடித் துண்டு வழுக்கும் என்பது என் சட்டம். செல்கள் வளர்ந்திருந்த கண்ணாடித் துண்டுகளை வெறுங்கையால் எடுத்து வைத்தேன். திரையைப் பார்த்தேன். ஜெகஜோதி! அத்தனை செல்லும் பச்சைப் பசேலென்று எரிந்தன. உடனே வீட்டுக்கு போன் போட்டேன்.

"அம்மா! ஒளிருதும்மா!"

"எதுடி?"

"என் செல்லு!"

"இப்பத்தானடி ஒரு செல்லு வாங்குன? மறுபடியுமா?"

"போன் இல்லம்மா! என் ஆராய்ச்சி ஜெயிச்சிருச்சு!"

பக்கத்தில் இருந்த மாமா போனைப் பிடுங்கினார். மாமாவுக்கு செல்லூரில் விசைத்தறி. தறிச் சத்தத்திலேயே வாழ்கிறவருக்கு மெதுவாகப் பேச வராது. "ஏய், எல்லாரும் கேளுங்கப்பா! நம்ம புள்ள கண்டுபிடிச்சிருச்சு!" என்று முழங்கினார். "என்னத்த?" என்று யாரோ கேட்டது எனக்கும் கேட்டது. "அதெல்லாம் ஒனக்குப் புரியாது!" என்றார் மாமா. (அவருக்கும் புரிந்திருக்கவில்லை.)

மதியம் நிபுணர் வந்தார். என் வழிகாட்டியான மேடம் பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

"மருந்து சேருங்கம்மா. கால்சியம் ஏறினா வெளிச்சம் கூடணும்ல?"

சேர்த்தேன். கூடவில்லை. குறையவுமில்லை.

"ரொம்ப ஸ்டெடியா இருக்கு சார்," என்றேன்.

"சரி, அந்தப் புரத சென்சார் போடாத செல் வச்சிருக்கீங்களா?"

வைத்தேன். அதுவும் ஒளிர்ந்தது. மேடத்தின் புன்னகை பாதி அணைந்தது.

"செல்லே இல்லாத வெறும் கண்ணாடி?"

அதுதான் இருப்பதிலேயே பிரமாதமாக ஒளிர்ந்தது. பதறிப்போய் அதை எடுக்கக் கைநீட்டினேன். என் விரல் நீல ஒளிக்குள் நுழைந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் என் கைரேகை, வரி வரியாக, பச்சை நிறத்தில் மின்னியது.

நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கையைப் பார்த்தார்.

"வீட்ல எதுவும் விசேஷமாம்மா?"

"அண்ணனுக்கு... நலங்கு சார்."

மஞ்சளில் இருக்கும் நிறப்பொருளும் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். அதை அவர் விளக்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. மேடம் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது தெரிந்தது. "ஆறு மாசம் எடுத்துக்கங்க. மொதல்ல கல்யாணத்தை நல்லபடியா முடிச்சிட்டு வாங்க," என்று நிபுணர் சொன்னபோது, காலில் விழாத குறை.

சாயங்காலம் வீட்டு வாசலில் மாமா சொந்தத் தறியில் நெய்த பொன்னாடையோடு நின்றிருந்தார். பின்னால் பெண் வீட்டார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மாமாதான் முதலில் சுதாரித்தார்.

"அந்த மஞ்சளை வாங்கியாந்தது யாரு? நானு! அம்புட்டுப் பெரிய மிஷினே ஏமாந்திருக்குன்னா, எம்புட்டு சுத்தமான மஞ்சளா இருக்கணும்!"

சொல்லிவிட்டு, பொன்னாடையைத் தனக்கே போர்த்திக்கொண்டார்.

ஐந்தாவது மாதம் என் செல்கள் உண்மையிலேயே ஒளிர்ந்தன. மருந்து சேர்த்ததும் வெளிச்சம் ஏறி, பிறகு இறங்கியது. வெறும் கண்ணாடி கும்மிருட்டு. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா ஒரு கணம் யோசித்து, "சந்தோஷம்டி. கையக் கழுவிட்டுத்தான பாத்த?" என்றாள்.

பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன், கல்யாணமும் ஆனது. போன வருடம் ஒரு காலையில் அம்மாவுக்கு போன் போட்டு, "டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்திருக்கும்மா" என்றேன். அம்மா அழத் தொடங்கினாள். பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது:

"எதுக்கும் கையக் கழுவிட்டு இன்னொருக்கா பாக்கச் சொல்லு!"