ஆய்வுக்கூடத்துக்காரர் ஆய்ந்த கீரை

இந்தக் கீரைக்கு இன்றோடு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று ஆய்வுக்கூடத்துக்காரர் தீர்மானித்துவிட்டார்.

பகலெல்லாம் அவருக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கிருமிகளோடு ஆய்வு. வீடு திரும்பினால் மனைவி ஒரு தட்டுக் கீரையை மடியில் வைத்துவிடுவாள். இங்கேயும் ஆய்வு! அதுவும் பின்புறக் காலி மனையில் தானாக முளைத்த கீரை. செடிக்குப் பத்து இலை, நூறு காம்பு. கடையில் இதே கீரையை ஆய்ந்தே விற்கிறார்கள்.

"மனைக் கீரையில என்னென்ன கிருமியோ! நாய் நடக்குது, பூனை படுக்குது."

"கடைக் கீரை மட்டும் மெத்தையிலயா வளருது? அதுக்கு என்ன தண்ணி பாய்ச்சினாங்களோ! எதுவானாலும் நல்லா அலசி வேகவெச்சா சரியாப் போச்சு."

"ரெண்டையும் சோதிச்சுடறேன். எதுல கிருமி அதிகமோ, அது இனிமே நம்ம வாசப்படி ஏறக்கூடாது."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"நானா மாறுவேன்?"

இரண்டு பைகளில் கீரையைப் போட்டு, 'மனை', 'கடை' என்று சீட்டு ஒட்டி மேசையில் வைத்தார். காலையில் மனைவி மாடிக்குத் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து, தரை துடைத்த வாளியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை 'மனை'ப் பையில் விட்டுக் குலுக்கினார். உத்தியோகத்தில் ஒருநாளும் செய்யாத பாவம். நெஞ்சு குறுகுறுத்தது. காம்புகளை நினைத்துக்கொண்டார், சரியாகிவிட்டது. விசிலடித்தபடி குளிக்கப் போனார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துச் சோதனைத் தட்டில் கிருமிகள் கல்யாணக் கூட்டம்போல் நெரிந்தன. ஆனால் 'கடை'த் தட்டில்! 'மனை'த் தட்டில் பேருக்கு நாலைந்து. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கிருமிகள் இடம் மாறுவதாக இல்லை.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள்.

பொய் சொல்ல நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதே நாக்கு உண்மையைக் கக்கிவிட்டது. "கடைக் கீரையிலதான்... கொஞ்சம் கூடுதல்."

"அப்ப அதுக்கு வாசப்படி கிடையாது. இனிமே மனையில போய்ப் பறிக்கிறதும் நீங்கதான். கிருமி தெரிஞ்ச கை பாருங்க!"

சாப்பாட்டில் கீரை அமிர்தமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வயிறு நிறைந்ததும் தைரியம் வந்தது.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு. நாளைக்கு இன்னொரு தரம் சோதிக்கப் போறேன்."

"தாராளமா செய்யுங்க" என்றாள் அவள், இன்னொரு கரண்டி கீரையைப் பரிமாறியபடி. "வாளித் தண்ணியைக் கொட்டாம வெச்சிருக்கேன். நீங்க ஊத்திட்டுக் குளிக்கப் போங்க, நான் சீட்டை மாத்தி ஒட்டிடறேன்."