பாயில் சிந்திய ரவை

நாமக்கல்லில் முட்டையைப் பற்றிச் சந்தேகமா? என் வீட்டுக்காரர் தமிழரசுவைக் கேளுங்கள். கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிற வேலை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு நொடி பிடித்தால் போதும், கீறலா, கூமுட்டையா, சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று காலை பாப்பாவின் பாயில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "ரவை புள்ள" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். பாப்பா நித்யஸ்ரீக்கு எட்டு மாதம். கணுக்காலில் வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. இரவெல்லாம் சிணுங்கியிருந்தாள். பாய் மடிப்பில் வெள்ளை வெள்ளையாக என்னமோ. உப்புத்தூள் அளவுப் பொடிசு. இரண்டு முனையும் உருண்டு, முத்துப் போல மினுங்கியது. தொட்டால் ஒட்டவில்லை, உருண்டு ஓடியது. கான்வென்ட்டில் தலை நிறைய ஈருடன் நின்று சிஸ்டரிடம் திட்டு வாங்கியவள் நான். ஈர் என்றால் முடியைப் பிடித்த பிடி விடாது. இது வேறு. நடுநடுவே மிளகுத்தூள் போலக் கருப்பு.

"ரவை உருளுமாங்க மாமா?"

"நைஸ் ரவை உருளும்."

"கருப்பு?"

"மொளகு. உப்புமாவுல மொளகு இருக்காதா?"

"பல்லு மொளைக்காத புள்ள பாயில உப்புமா எப்படீங்க வந்துச்சு?"

"காத்துல வந்திருக்கும்."

"டயரு ஊட்டுக்குள்ள வந்துச்சா?"

டயர் என்பது அவர் போன மாதம் தூக்கிவந்த நாய்க்குட்டி. கன்னங்கரேலென்று வட்டமாகச் சுருண்டு படுக்கும். வாசற்படி தாண்டினால் பண்ணைக்கே திரும்பிப் போகணும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன்.

"சத்தியமா இல்லீங்க அம்மிணி!"

என்னிடம் அவர் 'ங்க' போட்டால் அது பொய். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

பாயில் இருந்ததைக் காகிதத்தில் தட்டி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கடுகு வெடித்தது. கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்க உப்புமாத் தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"சாப்பிடுங்க. பாயில இருந்த ரவையை வீணாக்குவானேன்?"

அவர் நெற்றி வேர்த்தது. "பசிக்கல."

"வெறும் வயித்தோடவா பண்ணைக்குப் போவீங்க? ஒரே ஒரு வாய்."

"வவுறு சரியில்ல."

"அப்பச் சரிங்க. பாப்பாவுக்குத்தான் ஒரு வாய் மசிச்சு ஊட்டிப் பார்க்கறேன்."

கரண்டியை எடுத்தேன். பாப்பா ஆவென்று வாயைத் திறந்தாள்.

"ஐயோ, குடுக்காத! அது தெள்ளுப்பூச்சி முட்டை!"

கரண்டி கீழே விழுந்தது. அவரே தட்டிவிட்டார். அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாம் வந்தது.

"டயரு ராத்திரி வெளிய கெடந்து அழுதுச்சு. நீ தூங்கினதும் பாப்பா பாய்க்குப் பக்கத்துல படுக்க வெச்சேன். முட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நாய் முடியில நிக்காது, படுத்த எடமெல்லாம் உதிரும். கருப்பு மொளகில்ல, தெள்ளோட பீ. நனைச்சாச் செவக்கும். போன்ல பார்த்தேன்."

ஒரு 'ங்க' கூட இல்லை. அத்தனையும் உண்மை.

பாய் மடிப்பில் மிச்சமிருந்த கருப்புப் பொடியை நனைத்த பஞ்சால் ஒற்றினேன். துருப் போலச் சிவந்தது. ரத்தம்! யாருடையது, நாயினுடையதா, என் பிள்ளையினுடையதா? பாப்பாவை இடுப்போடு இறுக்கிக்கொண்டேன்.

"பாயி, போர்வை எல்லாத்தையும் வெந்நீர்ல போட்டு நீங்கதான் அலசணும். மூலை முடுக்கெல்லாம் கூட்டணும். நான் பாப்பாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். நீங்க டயரைத் தூக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து போட்டாலும் இனி அதுக்கு வாசல்தான்."

"சரி." தலை நிமிரவில்லை. "அந்த உப்புமாவை மொதல்ல கொட்டு."

"ஏனுங்க? அது டப்பா ரவை. பாயில இருந்தது இந்தாங்க, காகிதத்துலயே இருக்குது."

அவர் காகிதத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ... தெள்ளு முட்டைன்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"எனக்கென்னங்க தெரியும்? முட்டையப் பார்த்துச் சொல்றவரு நீங்கதானே, நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."