இரண்டு மணி நேரப் பச்சை

விளக்கு மறுபடியும் சிவப்பாகிவிட்டது.

"இப்ப யாரு?" என்றாள் குழுத் தலைவி, காய்ச்சல் எவ்வளவு என்று விசாரிக்கிற குரலில்.

மூன்றே பேர் கொண்ட மென்பொருள் குழு அது. தலைவி அன்று காலையில்தான் புது சர்வரை நிறுவியிருந்தாள். யார் ஒரு வரி எழுதிச் சேர்த்தாலும், மொத்த நிரலையும் கோத்து ஓட்டிப் பார்த்து, சரியென்றால் பச்சை விளக்கும் தப்பென்றால் சிவப்பும் போடுகிற சர்வர்.

"ரெண்டு மணி நேரம் விடாம பச்சை எரியட்டும், உங்க லீவுல கையெழுத்து போடறேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அவளுக்கு ஆறு மணிக்கு ரயில். ஊரில் தங்கைக்குத் தலைப்பிரசவம்.

"நீ வர்ற வரைக்கும் நான் பெத்துக்க மாட்டேன்க்கா" என்றாள் தங்கை போனில்.

"அது உன் கையில இல்லடி."

"உன் லீவு மட்டும் உன் கையிலயா இருக்கு?"

சிவப்புக்குக் காரணம் குழுவில் மூத்தவரான கண்ணாடிக்காரர். "என் மெஷின்ல நல்லாத்தானேம்மா ஓடுது?"

"உங்க மெஷினுக்கு உங்க மேல பாசம் சார். சர்வருக்கு அது கிடையாது."

சிவப்பு விழ வைத்தவர் பெயர் ஆபீஸ் முழுவதற்கும் மெயிலில் போகும்படி செய்தாள். இனியாவது கவனமாக இருப்பார்கள் என்று, பாவம், ஒரு நம்பிக்கை. முதல் மெயில் போனதும் டிரைவர் முதற்கொண்டு வந்து கண்ணாடிக்காரரிடம் துக்கம் விசாரித்தார்கள்.

"மாமியார் வீட்டுல கூட என்னை இப்படி நாலு பேர் முன்னாடி சொன்னதில்ல!" என்றவர், மானத்தைக் காப்பாற்ற ஒரே மூச்சில் ஆறு திருத்தம் சேர்த்தார். ஆறும் சிவப்பு. ஆறு மெயில்.

சரி, இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே எதையும் சேர்க்கலாம் என்று விதி போட்டாள். இருந்த இன்னொருத்தி அவசரக்குடுக்கை. அரை நிமிடத்தில் "சூப்பர் சார்!" என்று அனுப்பிவிட்டு, கையோடு தன்னுடைய திருத்தம் நாலையும் சேர்த்தாள். சர்வர் அப்படியே நின்றுவிட்டது.

மணி ஒன்றரை. முந்தின நாளின் நல்ல நிரலைத் திரும்பப் போட்டு சர்வரைக் கிளப்பினாள். பச்சை.

"யாரும் எதையும் தொடக்கூடாது."

"வேலை செய்யாம எப்படிம்மா உக்கார்றது?" என்று பதறினார் கண்ணாடிக்காரர். பதினோரு வருஷத்தில் அவருக்கு அந்தச் சிரமம் வந்ததே இல்லை.

"ஒரே ஒரு கமா மேடம்" என்றாள் அவசரக்குடுக்கை, விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு.

வேலி கட்டுவதைவிட ஆட்டை வெளியே ஓட்டுவது சுலபம் என்று அப்போதுதான் தலைவிக்குப் பட்டது. "ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்புங்க. இந்த வாரம் பூரா லீவு. நானே கையெழுத்து போடறேன்."

அவர்கள் எந்த வேலையையும் அத்தனை வேகமாகச் செய்து அவள் பார்த்ததில்லை.

அடுப்பில் வைத்த பாலைப் போல அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம். பச்சை அசையவில்லை.

"பிரமாதம்!" என்றார் மேனேஜர். "கிளம்புங்க, கிளம்புங்க. தங்கச்சிய கேட்டதா சொல்லுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லீவுப் பதிவு பார்க்கும் அம்மாளின் மேஜைக்கு ஓடினாள். அந்த அம்மாள் திரையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"உங்க லீவுக்கு மேனேஜர் காலையில ஒன்பது மணிக்கே கையெழுத்து போட்டுட்டாரும்மா, உங்ககிட்ட சொன்னா சர்வர் வேலை நடக்காதுன்னு அவர் சொல்லாம விட்டுட்டார், மத்தியானம் அந்த ரெண்டு பேருக்கும் நீங்க லீவு குடுத்ததும்தான், குழுவுல ஒருத்தராவது இருக்கணும்னு கம்ப்யூட்டரே உங்க லீவை ரத்து பண்ணிடுச்சு."