மார்லிஸ் போட்ட நிபந்தனை

குளிர்காலம் முடிவதற்குள் பெண்டாட்டியைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தே தீருவது என்று ஆர்விட் சபதம் போட்டான்.

மூன்று வருடமாக மார்லிஸுக்கு நாள்பட்ட சோர்வு நோய். தூங்கினாலும் தீராது. ஒரு கூடை துணி துவைத்தால் இரண்டு நாள் படுக்கை. நாடி எகிறினால் மணிக்கட்டிலிருக்கும் கடிகாரம் கீச்சிடும். அவள் கட்டிலில் சூப் குடிப்பாள். ஆர்விட் அடுக்களையில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். டுலூத் ஊர்ப் பனியையெல்லாம் லாரியில் தள்ளுகிறவன் அவன்தான். தான் தின்ற தட்டை மட்டும் சிங்க்வரைக்கும் தள்ளமாட்டான்.

ஒருநாள் ஐந்து டப்பா சத்துப் பவுடரோடு வந்தான்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பவர்ஹவுஸ் இருக்காம். உனக்கு அதுல கரி தீந்துபோச்சு. இது ரைபோஸ், இது மெக்னீசியம், இது என்னமோ கியூ. உள்ள போனா பத்திக்கும்."

"இருபது வருஷம் உயிரியல் வாத்தியாரா இருந்தவகிட்டயே செல்லை விக்கிறியா?"

"குடிப்பியா, மாட்டியா?"

"டாக்டர் சரின்னா குடிக்கலாம். ஆனா முறையாச் சோதிக்கணும். ஒருநாள் துணி துவைச்சு மறுநாள் படுத்தேன்னா, பவுடர் கெடுத்துச்சா துணி கெடுத்துச்சான்னு எப்படித் தெரியும்? வேற எதுவும் மாறக்கூடாது."

"அதனால?"

"துணி நீ. சமையல் நீ. நாயும் நீ."

"சரி. பவுடரை நான் கலக்கறேன்."

"நீ கலந்தா உன் ஆசையும் சேந்து கலந்துடும். டப்பா என் கட்டில்கிட்ட இருக்கட்டும். தொடாதே."

ஆர்விட் தொடவில்லை. அவன் வைத்த காட்டரிசி சூப்பை நாய் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் துவைத்த கம்பளிச் சட்டை நாய் அளவுக்குச் சுருங்கியது. அதை மட்டும் நாய் ஏற்றுக்கொண்டது. ஆனால் வாரம் ஆக ஆக, கடிகாரம் கீச்சிடுவது குறைந்தது. ஆர்விட் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். சத்தமில்லை.

மார்ச்சில் ஒரு சாயங்காலம், மார்லிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிண்ணம் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தாள். ஆர்விட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அவன் சூப் ஆறியே போயிற்று.

"பாத்தியா? பவுடரு" என்றான்.

"டப்பாவெல்லாம் எடுத்துட்டு வா."

கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக மூடியைத் திருகினான். ஐந்திலும் உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாள் கிழியாமல் விறைப்பாக இருந்தது.

"நீ குடிக்கவே இல்லையா?"

"மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி, அது இல்லாம ஆள் எப்படி இருக்கான்னு அளக்கணும்ல? இவ்வளவு நாளும் அதைத்தான் அளந்தேன். வேலை செய்யாம இருந்தா மேஜைவரைக்கும் வரமுடியுது. நாளைக்குத்தான் சோதனை ஆரம்பம்."

அவன் அவளைப் பார்த்தான். நாற்காலி காலியாக இல்லை. கோபம் வரமாட்டேன் என்றது. எழுந்து இரண்டு கிண்ணத்தையும் சிங்குக்கு எடுத்துப்போனான்.

"சோதனை எத்தனை நாளைக்கு மார்லிஸ்?"

"ஒண்ணொண்ணாத்தானே சோதிக்கணும். அஞ்சு டப்பா வாங்கினது நீதான்."