மரங்கொத்திக்குத் தலைவலி இல்லை

ஒரு காட்டில் வேலையில்லாத மிருகம் என்று ஒன்றுகூட இல்லை. முயல் தபால் கொண்டுபோனது. முள்ளம்பன்றி வேலிக்கு முள் கொடுத்தது. மயில் மழை வரப்போகிறது என்று அறிவித்தது; வராத மழையையும் சேர்த்து அறிவித்தது. இவர்கள் அத்தனை பேரையும் ஒரு சிங்கம் ஆண்டுவந்தது. நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது என்று குறுக்கே கேட்காதீர்கள். புலியை ராஜாவாக வைத்துக் கதை சொன்னால் ஒருவரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

அந்தக் காட்டில் காசு என்றால் நெல்லிக்காய். மாதம் பிறந்தால் சம்பளம் நெல்லிக்காயாக வந்துவிடும். யாருக்கு எத்தனை என்பது மட்டும் பரம ரகசியம். இரண்டு மிருகங்கள் வழியில் சந்தித்தால் ஒன்றின் பையை மற்றது கண்ணாலேயே எடைபோடும். வாயால் மட்டும் கேட்காது, அது மரியாதையில்லை என்று வைத்திருந்தார்கள்.

செங்கமலம் என்ற மரங்கொத்தி அந்தக் காட்டின் பொந்து வாரியத்தில் வேலை பார்த்தாள். காலை முதல் பொழுது சாயும்வரை மரத்தில் தலையால் முட்டிப் பொந்து குடைய வேண்டும். ஒரு நாளைக்கு எட்டாயிரம் முட்டு. அதற்குக் குறைந்தால் மேற்பார்வையாளர் வந்து, உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்துவிட்டு அரை நெல்லிக்காய் பிடித்துக்கொள்வார்.

சம்பளம் நாற்பது நெல்லிக்காய். கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். செங்கமலத்தால்தான் தாண்ட முடியவில்லை.

வீட்டு வாடகை பதினைந்து. அந்தப் பொந்தைக் குடைந்தவளே அவள்தான். குடைந்த பொந்தை வாரியம் ஆந்தைக்கு விற்றது, ஆந்தை அதை அவளுக்கே வாடகைக்கு விட்டது. சாப்பாட்டுக்கு எறும்பு பன்னிரண்டு. அவள் கொத்தும் மரத்தில் எறும்பு சாரைசாரையாகத்தான் ஊரும். ஆனால் வேலை நேரத்தில் தின்னக் கூடாது என்று விதி. அவள் வீட்டுக்குப் போனபிறகு கரடி வந்து அந்த எறும்புகளைப் பிடித்து, இலையில் பொட்டலம் கட்டி, மறுநாள் அவளுக்கே விற்கும். குஞ்சுக்குக் குயில் பள்ளிக்கூடத்தில் பாட்டுக் கட்டணம் எட்டு. தலைவலித் தைலம் ஆறு. ஆக நாற்பத்தொன்று. மாதாமாதம் அந்த ஒரு நெல்லிக்காய் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கே விளங்கவில்லை.

தைலம் எதற்கு என்று கேட்கிறீர்களா? எட்டாயிரம் முறை நீங்கள் முட்டிப் பாருங்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மண்டைக்குள் டொக் டொக் என்று கேட்டது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. பயந்துபோய் வைத்தியர் ஆமையிடம் ஓடினாள்.

ஆமை அவள் கொண்டையைத் தடவிப் பார்த்தது. “வாரத்துல ஒருநாளாவது தலைய ஆட்டாம வைக்கணும்மா. இப்படியே போனா மழைக்காலத்துக்குள்ள அலகு மரத்துல நிக்கும், நீ கீழ கிடப்ப” என்றது.

செங்கமலத்துக்குக் குஞ்சின் நினைப்புத்தான் முதலில் வந்தது. குஞ்சு இன்னும் ‘ச’வையே ஒழுங்காகப் பிடிக்கவில்லை. அதற்குள் தான் கீழே கிடந்தால் எப்படி? அன்றைக்கே ஒரு தேக்கிலையை எடுத்து ராஜாவுக்கு மனு கொத்தினாள். உழைக்கும் எல்லா மிருகங்களுக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டு, கீழே ‘இப்படிக்கு, செங்கமலம், மரங்கொத்தி’ என்று தன் பெயரையும் போட்டாள்.

சிங்கம் நல்ல ராஜா. மனுவைப் படித்தது. படித்ததும் எல்லா நல்ல ராஜாக்களும் செய்வதைப்போல ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டது. வருகிற வெள்ளிக்கிழமை எல்லோரும் ஆலமரத்தடிக்கு வந்து படிவம் நிரப்ப வேண்டும். வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஓய்வு எத்தனை நாள் வேண்டும் என்று மூன்றே கேள்வி. பாதிப் பேராவது ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரமே ஓய்வு நாள் அமலுக்கு வரும்.

செங்கமலம் பாதி குணமானதுபோல் உணர்ந்தாள். பாதிப் பேர் என்ன, எல்லோரும் சொல்வார்கள். முயலுக்குக் கால் வீங்கி மாதம் இரண்டாகிறது. முள்ளம்பன்றிக்கு முதுகில் சொட்டை விழுந்துவிட்டது. எதிர்மரத்து அணில் துளசிராமன் கிடங்கில் கொட்டை அடுக்கி அடுக்கி, தூக்கத்தில்கூட விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறான். போன வாரம் அவளிடம் இரண்டு நெல்லிக்காய் கைமாற்று வாங்கிப் போனவன் அவன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆலமரத்தடியில் கணக்கெடுப்புக் குமாஸ்தா நரி படிவக் கட்டோடு உட்கார்ந்திருந்தது. தந்திரம் செய்கிற நரி இல்லை இது, மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கிற நரி. இதற்கு இரண்டு காதும் மந்தம். மிருகங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதத் தெரியாது என்பதால் வாயால் சொல்ல, நரி எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. “சத்தமாச் சொல்லு” என்று அது ஒவ்வொருவரிடமும் கத்தியது. அதற்குக் கேட்கும்படி சொன்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்டது. வினை அங்கேதான் பிறந்தது.

முதலில் முயல். அதற்குச் சம்பளம் இருபத்தைந்து. செங்கமலத்துக்கு அது தெரியும். போன மாதம் அதன் சம்பளச் சீட்டைக் காற்று அவள் மரத்துக்குத்தான் கொண்டுவந்தது. முயல் வாயைத் திறந்தது. திரும்பி வரிசையைப் பார்த்தது. மறுபடி வாயைத் திறந்து “அறுபது” என்றது.

“ஓய்வு?”

“வருஷத்துக்கு ஒருநாள் போதும். அதுவும் சுற்றத்தாருக்காக.”

அடுத்து முள்ளம்பன்றி. முயலைவிடக் குறைத்துச் சொல்ல அதற்கென்ன தலையெழுத்தா? எண்பது என்றது. மயில் நூறு என்றது. “நடனத்துக்குக் கிடைக்கிறது தனி” என்றும் சேர்த்துக்கொண்டது. ஓய்வைப் பற்றிக் கேட்டதற்கு, தோகையைக் கீழே வைத்தால் தனக்குக் கைகால் ஓடாது என்றது.

செங்கமலத்துக்கு முன்னால் துளசிராமன் நின்றான். அவனாவது உண்மையைச் சொல்வான் என்று அவள் நம்பினாள். அவன் மீசையை ஒருமுறை நீவினான்.

“நூத்தி இருபது. செலவு பெருசா ஒண்ணுமில்ல, மீதிய என்ன செய்யறதுன்னுதான் தெரியல. லீவா? சும்மா உக்காந்தா எனக்கு போர் அடிக்கும் சார்.”

அவள் கொடுத்த இரண்டு நெல்லிக்காய் அவன் வயிற்றுக்குள் என்ன பாடுபட்டதோ தெரியாது. சொல்லி முடித்தவன் நகரவும் இல்லை. பக்கத்திலேயே நின்று ஒரு கொட்டையைக் கொறிக்க ஆரம்பித்தான்.

“போகலையா தம்பி?” என்றாள் செங்கமலம்.

“நிழலா இருக்குக்கா. நீங்க சொல்லுங்க.”

நாற்பது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாற்பது, நாற்பத்தொன்று, வாரம் ஒருநாள். வாரம் முழுக்கச் சொல்லிப் பழகிய மூன்று பதில். மண்டைக்குள் டொக் டொக் கேட்டுக்கொண்டேயிருந்தது. துளசிராமன் கொறிப்பதை நிறுத்திவிட்டுக் காதை நிமிர்த்தினான்.

“நூத்தி அறுபது” என்றாள் செங்கமலம். அவள் குரலை அவளாலேயே நம்ப முடியவில்லை.

“சத்தமா!”

“நூத்தி அறுபது!” தைரியம் வந்துவிட்டது. “செலவெல்லாம் நான் பார்க்கிறதில்ல சார். ஓய்வு வேலை செய்யத் தெரியாதவங்களுக்குத்தானே!”

நரி எழுதிக்கொண்டே போனது. திடீரென்று நிறுத்தி, கட்டுக்கு அடியிலிருந்து ஒரு தேக்கிலையை உருவியது. “ஒரு நிமிஷம்மா. ஓய்வு கேட்டு மனுப் போட்டதே ஒரு மரங்கொத்தி. பேரு செங்கமலம்னு இருக்கு. நீங்கதானே?”

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

“அது வேற செங்கமலம்” என்றாள் செங்கமலம்.

வீட்டுக்குப் போனதும் அவளுக்கு அழுகையாக வந்தது. தன் மனுவுக்குத் தானே எதிர்ச்சாட்சி சொன்னவள் மூவுலகிலும் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். பொழுது சாய்ந்து எல்லோரும் போனபிறகு தனியாகப் போய், நரியின் காதருகில் உண்மையைச் சொல்லிவிடலாம். படிவத்தில் ஒரு அடித்தல், ஒரு திருத்தல், அவ்வளவுதானே?

அப்படியே சாயங்காலம் புறப்பட்டுப் போனாள். ஆலமரத்தடி காலியாக இருந்தது. நரி கட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் ஒரே ஒரு ஆள் மட்டும், தேவாங்கு மாசிலாமணி. செவ்வாய்க்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்பியவர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னாலும் யாரும் இல்லை.

“வருமானம்?”

“பன்னெண்டு” என்றார் மாசிலாமணி, நிதானமாக.

“செலவு?”

“பதினொண்ணு. மிச்சம் ஒண்ண யாராவது கேட்டா கொடுத்துருவேன்.”

“ஓய்வு எத்தனை நாள் வேணும்?”

“முந்நூறு. மீதி நாளு வேலைக்குப் போற வழியிலயே போயிடும்.”

செங்கமலம் கிளையிலிருந்து இறங்கினாள். அடுத்தது தன் முறை. அலகைத் திறக்கப்போன நேரத்தில் பின்னால் சருகு சரசரத்தது. திரும்பினால் துளசிராமன். தலையில் துண்டைப் போர்த்தி, முகத்தை மறைத்துக்கொண்டு வந்திருந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

“என்ன தம்பி இந்த நேரத்துல?”

“மத்தியானம் வந்தப்ப குடைய வச்சுட்டுப் போயிட்டேன்க்கா. நீங்க?”

“நானும் குடைதான்.”

இருவரும் சேர்ந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி, இல்லாத குடைகளைத் தேடினார்கள். தேடும்போது ஒரு புதருக்குப் பின்னால் முயல் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் முள்ளம்பன்றி. அவர்களும் குடைதான் என்றார்கள். அந்தக் காட்டில் மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நரி கட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போனது. எல்லோரும் ஒன்றாகப் பேசிச் சிரித்தபடி வீடு திரும்பினார்கள்.

மறுவாரம் முடிவு வந்தது. நரிதான் படித்தது. காட்டின் சராசரி வருமானம் நூற்றுப்பத்து நெல்லிக்காய் என்று கண்டு ராஜா பெரிதும் மகிழ்ந்தார். மகிழ்ந்த கையோடு, சொன்ன வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு வரி விதித்தார். ஓய்வு என்றாலே மக்கள் முகம் சுளிப்பதைக் கண்டு நெகிழ்ந்து, மதியம் இருந்த அரைமணி இடைவேளையையும் ரத்து செய்தார். இருந்தாலும் ஒரே ஒருவருக்கு ஓய்வு வேண்டும் என்று படிவம் சொல்கிறது. ஓய்வைப் பற்றி அனுபவம் உள்ளவரும் அவர் ஒருவரே. ஆகவே தேவாங்கு மாசிலாமணியை விடுப்பு அதிகாரியாக நியமித்தார், சம்பளம் நூற்றைம்பது. இனி யாருக்காவது விடுப்பு வேண்டுமென்றால் அவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். வேறென்ன செய்வது?

நூற்று அறுபதுக்குப் பதினாறு நெல்லிக்காய் வரி. இப்போது மாதத்துக்குப் பதினேழு துண்டு விழுந்தது. செங்கமலம் வேலை முடிந்தபிறகு தனியாக வேலை தேடினாள். கிடைத்தது. புதிய விடுப்பு அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கொத்த வேண்டும், இரண்டு நெல்லிக்காய் கூலி. என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். நரி சீட்டை நீட்டியது.

‘அதிகாரி விடுப்பில் இருக்கிறார்.’

ஒவ்வொரு எழுத்துக்கும் நூறு முட்டு. ‘கி’யின் மேல்வளைவைக் கொத்தும்போது கண் இருட்டியது. கிளையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குஞ்சின் ‘ச’ ஞாபகம் வந்தது, அது இன்றைக்கும் சுதி சேர்ந்திருக்காது. மிச்சத்தைக் கொத்தி, பலகையை மாட்டியும் ஆயிற்று. சிறகுக்கு அடியில் ஒரு விடுப்பு மனுவையும் மடித்து வைத்திருந்தாள். அதை யாரும் பார்க்காமல் கதவிடுக்கில் சொருகிவிட வேண்டும் என்று நினைத்தபோது, மேல்கிளையிலிருந்து இரண்டு பெரிய கண்கள் அவளைப் பார்த்தன. விடுப்புக்குப் புறப்பட்ட மாசிலாமணி இன்னும் வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

“ஏம்மா” என்றார் அவர், மெதுவாக. “நாள் முழுக்க இப்படி முட்டுறியே. தலை வலிக்கலையா?”

இத்தனை வருஷத்தில் காசு வாங்காமல் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். செங்கமலம் சிறகுக்கு அடியிலிருந்த மனுவைத் தொட்டுப் பார்த்தாள். வலிக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும், இவர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். அலகைத் திறந்தாள்.

கீழ்க்கிளையில் ஏதோ அசைந்தது. துளசிராமன். அவன் கையிலும் மடித்த இலை ஒன்று இருந்தது. அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காதை நிமிர்த்தினான்.

“தலைவலியா? எனக்கா?” செங்கமலம் சிரித்தாள். “கல்லு மாதிரி இருக்கு சார்!”

“அப்படியா? சந்தோஷம்” என்றார் மாசிலாமணி. “அப்ப பின்வாசலுக்கும் இதே மாதிரி ஒரு பலகை கொத்திடும்மா.”

நீதி: எல்லோருக்கும் கடைசியாகப் போய்ச் சேருங்கள். பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில்தான் உண்மை வாயில் வரும். உண்மை வந்துவிட்டால் அப்புறம் வேலைக்குப் போக வேண்டியதில்லை.