அடிக்காத லண்டன் மாப்பிள்ளை

கடலூர் முதுநகரிலேயே பந்தை அடிக்காமல் பேர் வாங்கிய ஒரே பேட்ஸ்மேன், எங்கள் தெரு லண்டன் மாப்பிள்ளைதான். அசல் வெள்ளைக்காரர். இங்கிலாந்தில் சம்பளத்துக்குக் கிரிக்கெட் ஆடி ரிடையர் ஆனவர் என்று அவர் மனைவி எஸ்தர் அக்கா சொன்னார். அக்கா அங்கே நர்ஸாக இருந்தபோது காதலித்துக் கட்டிக்கொண்டவர். தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. முக்கியமாக, அக்காவின் தம்பி பெஞ்சமின் நம்பவில்லை.

எங்கள் டென்னிஸ் பால் டீமுக்கு அவன்தான் கேப்டன். மாப்பிள்ளையை உட்காரவைத்து, போலீஸ் விசாரணை மாதிரி ஆரம்பித்தான்.

“நீங்க ஆடுனதுலயே பெஸ்ட் மாட்ச் எது?”

அக்காவிடம் கற்ற தமிழில் மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார்: “காலையிலேந்து சாயங்காலம் வரிக்கும் நின்னேன். அவுட்டே ஆவல.”

“எவ்ளோ ரன்னு?”

“ரொம்பக் கொஞ்சம்.”

“ஜெயிச்சீங்களா?”

“இல்ல. ஆனா அவுங்களும் ஜெயிக்கல!” கைகொட்டிச் சிரித்தார்.

“யாருமே ஜெயிக்காததுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்?” பெஞ்சமின் என் காதைக் கடித்தான்.

குளிர்காலத்தில் ஆட்டம் இருக்காது, வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பேன் என்று வேறு சொல்லித் தொலைத்தார். போச்சு!

“பெயிண்டருன்னு சொல்லியே கட்டியிருக்கலாமேடா! எதுக்குப் பொய்யி?” என்று குதித்தான் பெஞ்சமின்.

பீச்சில் ஆடவைத்துப் பார்த்தோம். சிக்ஸருக்குப் போகவேண்டிய பந்தையெல்லாம் மட்டையைத் தூக்கிக் கீப்பரிடம் போகவிட்டார். பவுலருக்கு “குட் பால்” என்று பாராட்டு வேறு. சந்தேகம் முற்றிப்போனது.

சிதம்பரம் டீம் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஆள் குறைந்தது. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையைக் கடைசி ஆளாகச் சேர்த்தான் பெஞ்சமின். “இன்னிக்கு இந்தாளு வேஷம் கலையட்டும். அப்புறம் அக்கா ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். இது சத்தியம்” என்றான். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியதே அந்த அக்காதான்.

ஆட்டத்தில் எங்கள் மானம் கப்பலேறியது. ஒரு முனையில் பெஞ்சமின் மட்டும் மிச்சம். சீக்கிரமே அவுட்டான நான் அம்பயராக நின்றேன். மாப்பிள்ளை இறங்கினார். கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது.

“மழை வந்தா என்னா?” என்று கேட்டார்.

“அடுத்த வாரம் மொதல்லேந்து ஆடணும்” என்றான் பெஞ்சமின் எரிச்சலாக.

மனுஷன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! பிட்ச்சை மட்டையால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். ஷூ லேசை அவிழ்த்துக் கட்டினார். பவுலருக்குப் பின்னால் நின்ற மாட்டை ஓட்டச் சொன்னார். மாடு போனதும், வேலியில் காய்ந்த வேட்டியை எடுக்கச் சொன்னார். ஒரு பந்தைத் தடுத்தார். உடனே கண்ணில் தூசி என்று கசக்கினார்.

“யோவ் அம்பயரு! இவுரு மட்டை புடிக்க வந்தாரா, மாடு மேய்க்க வந்தாரா?” சிதம்பரம் கேப்டன் கத்தினான்.

நான் வாயைத் திறக்குமுன் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எல்லாரும் சிதறி ஓடினார்கள். மாப்பிள்ளை மட்டும் நகரவில்லை. அம்பயர் சொல்லாமல் கிரீஸை விட்டு வரமாட்டாராம்.

பெஞ்சமின் வாயைப் பிளந்தான். “டேய், தோக்காம நிக்கிறதுதான்டா இவுரு தொழிலு! நாள்பூரா நின்னேன்னாரே, நெஜம்டா!” தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் கவிழ்த்தான். “வாங்க மாமா, நனையாதீங்க. அக்கா என்னயக் கொன்னுடும்.” அதுவரை அவன் வாயில் ‘மாமா’ வந்ததே இல்லை.

மறுவாரம் சிதம்பரத்துக்காரர்கள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். மாப்பிள்ளை முதல் பந்திலேயே அவுட். பெஞ்சமின் எங்களை முறைத்த முறைப்பில் ஒருத்தரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை.

இப்போது வெயில் காலம் வந்தால் அக்காவும் அவரும் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். “சீக்கிரம் வந்துடுவேன்” என்று கார் ஜன்னல் வழியாகக் கையாட்டுவார். அவர் சொல்வதையெல்லாம் இப்போது நம்புகிறேன்; அதை மட்டும், கார் மறுபடி தெருவுக்குள் வந்து நிற்கும்வரை, என் மனசு நம்பமாட்டேன் என்கிறது.